முரளிக்கு ஒரு மாடி அறை

1

போன வாரம் வேலையிடத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். சேர்ந்து பத்து வருடம் ஆகிவிட்டதாம். கேக்கின் மேல் பெயர் எழுதியவருக்கு 'வைதேகி' பாதியிலேயே களைப்பைத் தந்திருக்க வேண்டும். 'வை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு க்ரீம் பூவை வைத்து முடித்துவிட்டார். இந்த ஊரில் நான் 'வை'தான். பழகிவிட்டது. ஆனாலும் யாராவது பின்னாலிருந்து சத்தமாக "வை!" என்று கூப்பிட்டால், கையில் இருப்பதை இன்றைக்கும் கீழே வைத்துவிடுகிறேன்.

இந்த ஊர் என்பது கனடாவின் மேற்கு ஓரத்தில் மழையிலேயே ஊறிக்கிடக்கும் வான்கூவர். நான் வேலை பார்ப்பது ஊரின் கிழக்குப் பக்கம் உள்ள ஒரு பழைய கட்டடத்தில். தெருவில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அங்கே ஆளுக்கு ஓர் அறை கொடுத்து, கையில் ஒரு சாவியும் கொடுப்போம். குடியை விட்டுவிட்டு வா, போதையை விட்டுவிட்டு வா என்று வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. முதலில் சாவி. மற்றதெல்லாம் அப்புறம். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குப் புது ஊசி கொடுப்போம், பழையதை வாங்கிக்கொள்வோம். மூச்சு நின்றுபோனால் மூக்கில் மருந்தடித்து எழுப்புவோம். ஒருவர் போதையை எப்போது விடுவார் என்பது அவர் பாடு. அதுவரை அவர் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பாடு.

கேக்கைத் தின்றுகொண்டே மார்லீன் கேட்டாள், "உன் ஊர்க்காரர்களுக்கு நீ என்ன வேலை செய்கிறாய் என்பது இப்போதாவது தெரியுமா?"

மார்லீன் என்னோடு வேலை பார்ப்பவள். ஒரு காலத்தில் இதே தெருவில், அட்டைப்பெட்டி மேல் படுத்துக்கொண்டு, ஹெராயினோடு குடித்தனம் நடத்தியவள்.

"எங்கள் அண்ணாவுக்குத் தெரியும். சாராயக் கடை வரிசையில் நின்று தெரிந்துகொண்டார்" என்றேன்.

மார்லீனுக்குப் புரை ஏறிவிட்டது. "முழுசாகச் சொல்" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

2

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நான் ஒரு நர்ஸ்.

இது என் மகள் நிவேதா செய்த வேலை. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, அண்ணா ஒரு நாள் போனில், "அம்மா என்னடா வேலை பண்றா அங்க?" என்று அவளைக் கேட்டிருக்கிறார். நிவேதாவின் தமிழ் அப்போதே இட்லிக்கும் தோசைக்கும் மட்டும் போதுமானதாக இருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, "அம்மா எல்லாருக்கும் ஊசி குடுப்பா மாமா" என்று சொல்லிவிட்டாள். அண்ணா அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

நான் நர்ஸ் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அண்ணா அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் எதிர்வீட்டு மாமி முழங்காலைக் காட்டுவாள். பக்கத்து வீட்டு மாமா நாக்கை நீட்டுவார். நானும் முழங்காலைப் பார்த்துவிட்டு, "டாக்டரைப் பாருங்கோ" என்பேன். நர்ஸாக இருந்தாலும் எவ்வளவு பொறுப்பு என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

இந்த வேலை கிடைத்ததே ஒரு குளறுபடியில்தான். நேர்முகத்தில், "உங்களுக்கு லிவ்டு எக்ஸ்பீரியன்ஸ் உண்டா?" என்று கேட்டார்கள். வாழ்ந்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? "நிறைய இருக்கிறது. நாற்பது வருடமாக விடாமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறேன்" என்றேன். எதிரே இருந்த மூன்று பேரில் ஒருத்தி மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாள். அவள்தான் மார்லீன். பிறகு சொன்னாள்: தானே போதையில் கிடந்து, தானே தெருவில் வாழ்ந்து பார்த்த அனுபவத்துக்குத்தான் இங்கே அந்தப் பெயராம். இந்த வேலையில் அது ஒரு தகுதி. எங்கள் தெருவில் ஒருவன் குடித்தால் சொந்தக்காரர்கள் அவனைக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இங்கே அதே ஆள் அதைப் பயோடேட்டாவின் முதல் வரியில் போட்டுக்கொள்கிறான்.

சேர்ந்த முதல் வருடம், மூன்றாம் மாடியில் இருந்த வால்டர் என்ற கிழவர் இறந்துபோனார். காலையில் நான்தான் பார்த்தேன். நிர்வாகியிடம் ஓடிப்போய், நம் ஊர் ஆங்கிலத்தில், "வால்டர் எக்ஸ்பயர் ஆகிவிட்டார்" என்றேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படியா, இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிடு" என்றார். வாடகை ஒப்பந்தம் என்று நினைத்துவிட்டார். மார்லீன் இதைக் கேட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். "அவர் பாலத்துக்கு அடியில் போய்ச்சேர்ந்திருக்க வேண்டியவர். தன் கட்டிலில், தன் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு போனார். அதுவே எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்றாள். எனக்கு அன்றைக்கு அது சரியாகப் புரியவில்லை. முரளி சொல்லித்தான் புரிந்தது.

3

முரளி எங்கள் சித்தப்பா பிள்ளை. எனக்கு இரண்டு வயது இளையவன். சித்தப்பா, சித்தி போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். மருந்துக் கம்பெனியில் ரெப்பாக வேலை. கழுத்தில் டை, கையில் தோல் பை, வாயில் எப்போதும் ஒரு நக்கல். டாக்டர்களோடு சேர்ந்து பழகிய குடி, டாக்டர்களை விட்டுவிட்டு அவனை மட்டும் பிடித்துக்கொண்டது. மனைவி பிரிந்துபோனாள், வேலையும் போனது. கடைசியில் அண்ணாவும், "குடியை விட்டுட்டு ஆத்துக்குள்ள வா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அண்ணா வரதன் கொடுமைக்காரர் இல்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பன்னிரண்டு திருமண் இட்டுக்கொள்ளாமல் காபி குடிக்க மாட்டார். உலகத்தில் எந்தத் தப்பையும் மணியடித்து நிறுத்திவிடலாம் என்று நம்புகிறவர்.

போன வருடம் அண்ணாவின் பெண் மாலுவுக்குக் கல்யாணம். ஒரு வாரம் முன்னதாகவே போய் இறங்கினேன். பெட்டியை உள்ளே வைப்பதற்குள் அண்ணா, "நல்ல சமயத்துல வந்தே. நர்ஸ் ஒருத்தி ஆத்துல இருந்தா தைரியமா முரளியைப் பூட்டிடலாம்" என்றார்.

"பூட்டறதுன்னா?"

"பின்கட்டு ரூம் இருக்கே, அதுல. கல்யாணம் வரைக்கும் ஒரு வாரம் பூட்டி வெச்சா தெளிஞ்சுடுவான். பந்தல்ல வந்து உக்காரலாம். நீ பக்கத்துல இருந்து குளூக்கோஸ் கிளூக்கோஸ் ஏத்திடு."

"அண்ணா, நான் நர்ஸ் இல்லை."

"தெரியும், தெரியும். ரொம்பத் தன்னடக்கம்."

மன்னி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நிச்சயதார்த்தத்தப்பவும் ரெண்டு நாள் பூட்டி வெச்சோம் வைதேகி. ஒரே நாடகம். கையைக் காலை இழுத்துண்டு கீழ விழுந்து, புருவத்தைக் கிழிச்சுண்டு, நுரை தள்ளி... நல்லவேளை சம்பந்தியாத்துக்காரா வாசலோட போயிட்டா."

அது நாடகம் இல்லை, வலிப்பு. பல வருடம் நாள் முழுக்கக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. வலிப்பு வரும், புத்தி கலங்கும், சிலருக்கு உயிரே போகும். ஹெராயினைவிடக் குடியைத் திடீரென்று நிறுத்துவதைப் பார்த்துத்தான் எங்கள் கட்டடத்தில் அதிகம் பயப்படுவோம். இதையெல்லாம் அண்ணாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

அண்ணா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடிச்சாலும் சாவான், குடிக்கலேன்னாலும் சாவானா? இது என்னடி நியாயம்?" என்றார்.

"அதுதான் அண்ணா அந்த வியாதியே."

"நீ இல்லாத நியாயமெல்லாம் அங்க போய்க் கத்துண்டு வந்திருக்கே" என்று எழுந்துபோய்விட்டார். போகும்போது பின்கட்டு அறையின் பூட்டை எடுத்து ஒரு தடவை திறந்து, மூடிப் பார்த்தார்.

மறுநாள் காலை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். முரளி அங்கேதான் ஒரு தூணோரம் படுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சட்டை கசங்கியிருந்தாலும் பித்தான்களைச் சரியாகப் போட்டிருந்தான். புருவத்தில் தழும்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகுலுக்கினான், பழைய ரெப் பழக்கம்.

"அக்கா, என்னைப் பூட்டறதுக்கு வந்தியா, வேடிக்கை பாக்கறதுக்கா?"

"உனக்குத் தெரியுமா?"

"பூட்டு வாங்கின கடைக்காரரே சொன்னார். மன்னிக்காக நல்ல கம்பெனிப் பூட்டாக் குடுத்தாராம்." சிரித்தான். அப்புறம் கோபுரத்தின் பக்கம் கையைக் காட்டினான். "சொர்க்கவாசலையாவது வருஷத்துக்கு ஒரு தடவை தொறக்கறா. அண்ணாவாத்து வாசல் அதுவும் கெடையாது. தொறந்தாலும் உள்ள தள்ளிப் பூட்டத்தான்."

வேலையில் புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் முதலில் கேட்போம். அதையே கேட்டேன். "முரளி, உனக்கு என்ன வேணும்?"

"நிறுத்து, திருந்து, மாத்திரை போடுன்னு நீ சொல்லப் போறேன்னு நெனைச்சேன்." ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கற ஒரு கதவு வேணும்க்கா. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கூடாது."

4

முதலில் ஆஸ்பத்திரி. அண்ணாவும் கூட வந்தார். டாக்டர் தன் கட்சியில் சேர்ந்துகொள்வார் என்று நம்பிக்கை. டாக்டர் வயதில் சிறியவர். முரளியைப் பார்த்து முடித்துவிட்டு அண்ணாவிடம், "சார், பூட்டி மட்டும் வெச்சிடாதீங்க. அடுத்த தடவை எழுந்திரிக்க மாட்டார்" என்றார். அண்ணா தலையாட்டினார். இதையே தங்கை சொன்னால் வெளிநாட்டு நியாயம்.

படுக்கையில் சேர்த்து, மருந்து கொடுத்து, படிப்படியாக நிறுத்துவதுதான் சரி என்றார் டாக்டர். முரளி, "கல்யாணம் முடியட்டும் டாக்டர். மாலுவை நான் தூக்கி வளர்த்தேன்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டான். சரி, அதுவரை திடீரென்று நிறுத்தக்கூடாது, வெறும் வயிற்றில் குடிக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், வைட்டமின் மாத்திரை போட வேண்டும், நடுக்கம் அதிகமானால் உடனே போன் செய்ய வேண்டும் என்றார். முரளி மாத்திரைச் சீட்டை எட்டிப் பார்த்து, "இது நான் வித்த மாத்திரை டாக்டர். இதுக்காக உங்க சீனியருக்கு ரெண்டு டைரி குடுத்திருக்கேன்" என்றான்.

அடுத்தது அறை. தரகர் ஒருவர் எங்களை ஊர் முழுக்கக் கூட்டிப்போனார். போகிற இடமெல்லாம் முரளியை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்றும், தியானம் செய்பவர் என்றும் அறிமுகப்படுத்தினார். முரளியின் முகத்தைப் பார்த்த வீட்டுக்காரர்கள் தியானத்தை நம்பவில்லை. கடைசியாக எடமலைப்பட்டி புதூரில், கீழே மாவு அரைத்து விற்கும் செல்வி என்கிற அம்மாளின் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை இருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. தரகர் ஆரம்பிப்பதற்குள் நானே பேசினேன்.

"ரூமு யாருக்குங்க?" என்றார் செல்வி.

"என் தம்பிக்குங்க."

"என்ன பண்றாரு?"

"குடிக்கிறாருங்க."

தரகர் இருமினார். செல்வி, "நான் வேலையைக் கேட்டேன்" என்றார்.

"இப்போதைக்கு அதுதாங்க வேலை."

செல்வி மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னையும் முரளியையும் மாறி மாறிப் பார்த்தார். "என் வீட்டுக்காரரு தண்ணியே தொட மாட்டாருன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டி வெச்சாங்க. மாடிக்குக் குடி வந்தவங்களும் டீகூடக் குடிக்க மாட்டோம்னு சொல்லித்தான் வந்தாங்க. காலி பண்ணப்பறம் நான்தான் பாட்டில் பொறுக்கினேன். முதல்லயே சொல்லிட்டு வந்த ஆளு நீங்கதாங்க." முரளியிடம் திரும்பினார். "படியில விழக்கூடாது. சத்தம் போடக்கூடாது. மாவு மிஷின் பக்கம் வரவே கூடாது. சரிங்களா?"

"சரிங்க. எனக்கும் ஒண்ணு இருக்குங்க" என்றான் முரளி. "கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கற தாழ்ப்பாளைக் கழட்டிடணும்."

"ஏன்?"

முரளி புருவத்தைத் தடவிக்கொண்டே சொன்னான். இரண்டு வரிதான். நக்கல் எதுவும் இல்லாமல் அவன் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். செல்வி கீழே போனார். திரும்பி வரும்போது கையில் ஸ்க்ரூ டிரைவர். அவரே தாழ்ப்பாளைக் கழற்றி, முரளியின் கையில் கொடுத்தார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டுமென்றால் தீயணைப்புத் துறைக்கு ஒரு மனு, பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு மனு, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம். குளிர்காலம் வந்து போய்விடும்.

மன்னிக்குக் கோபம். "குடிகாரனுக்குத் தனி ரூமா? அப்போ குடிக்காதவாளுக்கெல்லாம் என்ன பரிசு?" என்றாள். நியாயமான கேள்விதான். "உங்களுக்கு வலிப்பு வராது மன்னி, அதான் பரிசு" என்றேன். அன்றைக்கு எனக்கு ரசம் கொஞ்சம் கம்மியாக விழுந்தது.

5

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பதினொன்றரை மணி இருக்கும். பந்தல்காரரோடு அண்ணா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். செல்வியிடமிருந்து போன்.

"அக்கா, உங்க தம்பிக்குக் கை ரெண்டும் உதறுதுக்கா. வேர்த்துக் கொட்டுது. பாட்டில் கை தவறி உடைஞ்சு போச்சாம். நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் உள்ள போகலையாம்."

நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பந்தல்காரரை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆட்டோவில் போகும்போதே டாக்டரைப் பிடித்தேன். "நான் வார்டில் சொல்லி வைக்கிறேன், கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். முரளியிடம் போனில் சொன்னால், "நாளைக்கு முகூர்த்தம் முடிஞ்ச நிமிஷம் வரேன். இன்னிக்கு என்னைத் தூக்கிண்டு போனா படியிலேர்ந்து குதிப்பேன்" என்கிறான். மறுபடியும் டாக்டர். அவர் பெருமூச்சு விட்டார். வரவே மாட்டான் என்றால் வழக்கமாகக் குடிப்பதில் கொஞ்சம், சாப்பாட்டோடு கொடுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள், பேச்சு குழறினால் கேட்காமல் தூக்கி வாருங்கள் என்றார்.

சாராயக் கடை நண்பகலில்தான் திறக்கும். நாங்கள் போனபோது அப்போதுதான் திறந்திருந்தார்கள், வாசலில் ஏற்கெனவே வரிசை. நான் இறங்கப் போனேன். அண்ணா என் கையைப் பிடித்தார்.

"நீ போய் நின்னா ஊரே கூடி வேடிக்கை பாக்கும். அந்தக் கூட்டத்துல நேரம் போயிடும்." நெற்றித் திருமண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அழித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. அப்படியே இறங்கிப் போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம், தோளில் அங்கவஸ்திரம். வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பீடியை அணைத்தார். இன்னொருவர் லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டார். திடீரென்று முன்னாலிருந்து ஒரு குரல்.

"சார்! வரதன் சார்! எட்டாங்கிளாஸ் பி செக்‌ஷன் செந்தில் சார்!"

லோடு ஆட்டோ ஓட்டுகிற செந்தில். அண்ணா அவனை மேலும் கீழும் பார்த்தார். "செந்திலா? இப்பவாவது வரிசையில ஒழுங்கா நிக்கிறியே, சந்தோஷம்."

"சாரை முன்னாடி விடுங்கடா!" என்று செந்தில் கத்தினான். வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அண்ணா, "வேண்டாம், வேண்டாம், முறைப்படி வரேன்" என்றார். யாரும் விடவில்லை. கடை ஜன்னல் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

"சாருக்கு என்ன வேணும்?" என்றார் உள்ளே இருந்தவர்.

அண்ணா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மருந்துக் கடையில் கேட்பதுபோல் கேட்டார்: "ரொம்பக் கெடுதல் பண்ணாததா ஏதாவது இருக்கா?"

பின்னாலிருந்து ஒருவர் உருக்கமாகச் சொன்னார்: "அப்படி ஒண்ணு இருந்தா எங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க சார்."

ஆட்டோக்காரர் ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

செந்தில்தான் எது என்று பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறான். அண்ணா அதை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு வந்து ஏறினார். ஆட்டோ கிளம்பியதும் கேட்டார்.

"வைதேகி, நீ தினமும் இந்த மாதிரிதான் பண்றியா?"

"இதைவிடக் கொஞ்சம் மோசம் அண்ணா."

"சம்பளம் தராளோ?"

"தரா."

"தரணும்" என்றார் அண்ணா.

மாடி அறையில் முரளி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், தாடை உதறியதில் சிரிப்பு வரவில்லை. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொண்டிருந்தார். இரண்டு வாய் உள்ளே போயிற்று. அண்ணா டம்ளரில் கொஞ்சமாக ஊற்றித் தண்ணீர் கலந்தார். முரளியால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பல்லில் இடித்துச் சிந்தியது.

அண்ணா எச்சில் பத்து பார்க்கிறவர். பெற்ற பெண் கடித்த பழத்தைக்கூடத் தொட மாட்டார். அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் முரளியின் பின்தலையைத் தாங்கி, மறு கையால் டம்ளரை அவன் வாயில் வைத்தார்.

"அண்ணா, சன்னிதியில தீர்த்தம் சாதிக்கற மாதிரி சாதிக்கறேள்."

"வாயை மூடிண்டு குடி."

"ரெண்டும் ஒண்ணா முடியாதே அண்ணா."

அண்ணா சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்கத் திரும்பினார், திரும்பின முகத்தைத் துடைத்துக்கொண்டார். கை நடுக்கம் அடங்கும்வரை அங்கேயே இருந்தார். பந்தல்காரர் எத்தனையோ தடவை போன் செய்தார். ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

6

முகூர்த்தத்துக்கு முரளி வந்தான். செல்வி இஸ்திரி போட்டுக் கொடுத்த வேட்டி, சட்டை. டம்ளரில் குறைத்துக் குடித்துவிட்டு, மேலே ஏலக்காயை மென்றுகொண்டு வந்தான். மன்னி அவனைப் பார்த்ததும் கையிலிருந்த தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவளுக்கு முந்தின இரவெல்லாம் கவலை.

சம்பந்தியின் மைத்துனர் கேட்டேவிட்டார். "இவர் யாரு?"

அண்ணா மன்னியை முந்திக்கொண்டார். "என் தம்பி. உடம்பு சரியில்லாம இருந்தான். தேறிண்டு வரான்."

ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். மன்னி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "முரளி, முதல் பந்தியிலேயே உக்காந்துடு. வெறும் வயிறா இருக்காதே" என்றாள்.

சாப்பிட்டதும் என்னிடம் வந்தான். "கிளம்பறேன்க்கா. நன்னா இருக்கறச்சேயே போயிடணும். இதுக்கு மேல நின்னா கதை மாறிடும்."

மாலுவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். முகூர்த்தம் முடிந்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னவன், போகவில்லை. நேராகத் தன் மாடிக்குத்தான் போனான். உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை தூங்கினானாம்.

7

முரளி திருந்தி, குடியை விட்டு, நெற்றியில் திருமண்ணோடு வேலைக்குப் போகிறான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

நான் திரும்பி வந்த பிறகு நாலைந்து மாதம் அதே குடிதான், கொஞ்சம் குறைந்த குடி. அப்புறம் ஒரு நாள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டான். யாருடைய உபதேசமும் காரணமில்லை. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பல் கட்ட வேண்டும், கை உதறுகிறவனுக்குக் கட்ட மாட்டேன் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோவில் என்னிடம் பல்லைக் காட்டினான். கொஞ்சம் பெரியதாகக் கட்டிவிட்டார்கள். மூன்று மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. அப்புறம் வழுக்கினான். மறுபடி எழுந்தான். ஆனால் அறை போகவில்லை. செல்வி ஒரு தடவைகூடக் காலி செய்யச் சொல்லவில்லை. இப்போது காலை வேளையில் மாவுப் பாக்கெட்டுக்கு முடிச்சுப் போட்டுக் கட்டுகிறான். மிஷின் பக்கம் இன்னும் விடவில்லையாம்.

நிவேதாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஊருக்குப் போக வேண்டும் என்றாலே வேறு வேலை வந்துவிடுகிற வயது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "மாமா நிஜமாவே வரிசையில நின்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு மாமாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. பேசுகிறார்கள்.

கேக் வெட்டிய நாள் சாயங்காலம், அதாவது அங்கே மறுநாள் காலை, முரளிக்குப் போன் செய்தேன். வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில் பேசினான்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லைக்கா. அண்ணா உள்ள இருக்கார்."

"இவ்வளவு காலங்கார்த்தாலயா? உன்னைப் பாக்க வந்தாரா?"

"அப்படித்தான் மன்னிகிட்ட சொல்லிட்டு வரார். சனிக்கிழமை தவறாம முதல் டவுன் பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறார்." குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டான். "உனக்குச் சொன்னாளோ, அண்ணாவுக்குச் சுகர். போன தடவை டெஸ்ட் பண்ணினப்போ எக்கச்சக்கமா இருந்துது. மன்னி ஆத்துல சர்க்கரை டப்பாவையே ஒளிச்சு வெச்சுட்டா. இங்க தெருமுனையில ஒருத்தர் காலம்பற ஜிலேபி போடறார்க்கா. அண்ணாதான், வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாரே, அதே அண்ணா. பேப்பர்ல சுத்தி அங்கவஸ்திரத்துக்குள்ள வெச்சுண்டு மாடி ஏறி வரார்."

"நீ ஒண்ணும் சொல்லலையாடா?"

"சொன்னேனே. ஒரேயடியா நிறுத்துங்கோன்னா கேக்க மாட்டார், எங்கேயாவது மறைஞ்சு நின்னு நாலா முழுங்கிடுவார். அதான், இங்க உக்காந்து பாதி சாப்பிடுங்கோ, வெறும் வயத்துல வேண்டாம், செல்வியக்கா இட்லி தருவா, அதுக்கப்பறம் சாப்பிடுங்கோன்னு சொல்லியிருக்கேன். மாத்திரையை என் முன்னாடிதான் போடணும். மீதிப் பாதியை நான் வாங்கி வெச்சுடறேன்."

உள்ளேயிருந்து அண்ணாவின் குரல், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு கேட்டது: "முரளி, யார்கிட்டடா பேசிண்டிருக்கே?"

"ராங் நம்பர் அண்ணா. நீங்க தாழ்ப்பாளைப் போட்டுண்டு நிதானமாச் சாப்பிடுங்கோ" என்றான் முரளி.